மூன்றாம் தரத் தெரு

மொன்றியலில் எனக்குக் கிடைத்த முதல் மேசை வேலை, பனி தள்ளும் வண்டிகள் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும், எந்தத் தெருவுக்குக் கடைசியில் போக வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடுவது. அலுவலகம் எது என்று எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் கீறுபவனாக இருந்தவன் நான். இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் போத்தல்களுக்கு மூடி சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு. பிறகு கொம்பியூட்டரில் வரைபடம் போடுகிற படிப்பு. நாற்பத்து மூன்றாவது வயதில், 2000களின் நடுப்பகுதியில், அந்த வேலைக்கு எடுபட்டேன் என்று கடிதம் வந்தபோது என் மனைவி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இனி இருந்து வேலை செய்வியள் என்ன?" என்றாள். அவளுக்கு அதுதான் பெரிய விஷயம். என் கால் நரம்புகள் அவ்வளவு புடைத்திருந்தன.

வேலையை முதல் மாதத்திலேயே விரும்பத் தொடங்கிவிட்டேன். எங்கள் பகுதியைப் பல வட்டாரங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை வண்டி என்று கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பாதை. தெருக்களுக்கு மூன்று தரம் உண்டு. பஸ் ஓடும் பெருந்தெருக்களும் ஆஸ்பத்திரித் தெருக்களும் முதலாம் தரம். பள்ளிக்கூடத் தெருக்களும் அவற்றை இணைக்கும் தெருக்களும் இரண்டாம் தரம். வெறும் வீடுகள் மட்டும் இருக்கும் தெருக்கள் மூன்றாம் தரம். வண்டி பனியை வலப்பக்கமாகத்தான் தள்ளும். அதனால் வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் போகிற பாதைதான் நல்ல பாதை. இடப்பக்கம் திரும்பினால் சந்தியில் ஒரு குவியல் நின்றுவிடும், அதைத் தள்ள இன்னொரு தரம் வர வேண்டும். ஒரு தெருவை இரண்டு தரம் ஓடாமல், ஒன்றையும் விடாமல், குறித்த மணித்தியாலத்துக்குள் முடிக்கிற மாதிரிப் பாதை போடுவது எனக்கு ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பாதைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன்.

நான் குடியிருந்த தெருவும் அந்தப் படத்தில் இருந்தது. ரயில் பாதை வேலியில் போய் முட்டி நின்றுவிடும் ஒரு சின்னத் தெரு. இரண்டு பக்கமும் வெளியில் இரும்புப் படி வைத்த மூன்று தட்டு வீடுகள். முட்டி நிற்கும் தெரு என்றால் வண்டிக்காரர்களுக்குப் பிடிக்காது. உள்ளே போய், பின்னுக்கு எடுத்து, திரும்பி வர வேண்டும். அதனால் அது எங்கள் வட்டாரத்தின் கடைசிப் பாதையில் கடைசித் தெருவாக இருந்தது. நான் வர முன்னமே அப்படித்தான். நான் அதை மாற்றவில்லை. மாற்றக் காரணமும் இருக்கவில்லை.

எங்களுக்குக் கீழ்த் தட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒரு தம்பதி இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் என்னிலும் ஆறேழு வயது இளையவர், ஒரு கதவுத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கதிரை அடுக்குவது முதல் திருநாளுக்குச் சோடினை கட்டுவதுவரை அவர்தான். மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணித்தியாலம் மெசினில் இருந்து இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நடக்க இயலாதவர்களை ஏற்றும் சின்ன பஸ் ஒன்று காலை ஏழரைக்கு வாசலுக்கு வரும். அந்த மனுசி பஸ்ஸுக்காக அரை மணித்தியாலத்துக்கு முன்னமே கோட், தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருக்கும். நான் வேலைக்குப் படியிறங்கும்போது கை காட்டும்.

அந்த வருஷத்துப் பனிக்காலத்தில் முதல் பெரிய பனி ஒரு புதன்கிழமை விடியப் பெய்தது. ஏழரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ் வீட்டுக்காரர் முழங்கால்வரை பனியோடு நின்றார்.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. பஸ்காரன் முனையிலையே நிக்கிறான். உள்ளுக்கு வந்தா புதைஞ்சிடுமாம். அஞ்சு நிமிசம்தான் நிப்பானாம்."

ஒரு சாப்பாட்டுக் கதிரையில் அந்த மனுசியை இருத்தி, அவர் முன்பக்கமும் நான் பின்பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். தெருவில் எது கல், எது படி என்று தெரியவில்லை. பாதித் தூரத்தில் நான் சறுக்கி ஒரு முழங்காலில் விழுந்தேன். கதிரையை விடவில்லை. அந்த மனுசி, "என்னைக் கீழ வையுங்கோ, நான் தவண்டெண்டாலும் வாறன்," என்று அழத் தொடங்கிவிட்டது. முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து உதவினார். பெருந்தெரு கறுப்பாக, சுத்தமாக இருந்தது. எங்கள் தெருவுக்கு வண்டி பதினொரு மணிக்குத்தான் வந்ததாக மனைவி பின்னேரம் சொன்னாள். அது படத்தில் இருந்த நேரம்தான். ஒரு பிழையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் மேலே வந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, நீங்கள்தானே அந்தப் படம் கீறுறது?"

"கீறுறது நான்தான் தம்பி. ஆனா நான் நினைச்சபடி கீறேலாது."

"எங்கட ரோட்டை முதல்ல போட்டா ஆருக்கு நட்டம்? ஒரு சின்ன ரோட்டுத்தானே."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர் போன பிறகு மனைவி சொன்னாள்: "கேக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு இருக்காதேங்கோ. அந்தாள் நம்பிக்கொண்டு போகுது."

எங்கள் பொறுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கெபெக் பெண்மணி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருந்து மெத்ரோவில் வருவார். தகப்பன் பனி வண்டி ஓட்டியவராம். என்னை நீ என்றுதான் அழைப்பார், அங்கே எல்லோரும் அப்படித்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அது நான் இருக்கும் தெரு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார். நிறையக் கடிதங்கள். சக்கர நாற்காலி, இழுப்பு, பிள்ளை பெறப் போகிறவள், கண் தெரியாதவர். எல்லாம் மூன்றாம் தரத் தெருக்கள்.

"எல்லாம் உண்மை," என்றார். "ஒரு தெருவை மேலே கொண்டுபோனால் இன்னொன்று கீழே வரும். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் இந்த வேலையைச் செய்யலாம்."

ஆனால் நான் விடவில்லை. இரண்டு கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்தக் கடைசிப் பாதையோடு இருந்தேன். ஒரு வழி தெரிந்தது. திருப்பங்கள் வலப்பக்கமாகவே வரும்படி வைத்துக்கொண்டு, தெருக்களின் ஒழுங்கை மட்டும் தலைகீழாக்கினால் எங்கள் தெரு முதலாவதாக வரும். ஒருவழித் தெருக்கள் இரண்டு இடத்தில் குறுக்கிட்டன, அவற்றைச் சுற்றிக் கொடுத்தேன். தூரம் ஏறக்குறைய அதே தூரம். நேரமும் அதே. தரம் எதையும் மாற்றத் தேவையில்லை. படத்தைக் கொண்டுபோய்ப் பொறுப்பாளர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு சந்தியாகத் தொட்டுப் பார்த்தார்.

"சுத்தமாகச் செய்திருக்கிறாய்," என்றார். கொஞ்சம் யோசித்து, "சரி. இந்தப் பனிக்காலம் பார்ப்போம்," என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பனி விழுந்த காலையில் ஆறு மணிக்கு மஞ்சள் விளக்குச் சுற்றிக்கொண்டு வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. பின்னாலேயே நடைபாதை தள்ளும் சின்ன வண்டி. நான் யன்னலடியில் நின்று பார்த்தேன். நான் கொம்பியூட்டரில் போட்ட கோடு வெளியில் ஓடுவதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். ஏழரைக்குப் பஸ் வாசலுக்கு வந்தது. அன்று பின்னேரம் கீழ் வீட்டுக்காரர் ஒரு சட்டி கணவாய்க் கறியும் புட்டும் கொண்டுவந்து தந்தார். "இது உங்கட வேலைக்கு இல்லை அண்ணை. சும்மா," என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நாலைந்து பனி அப்படியே ஒழுங்காகப் போனது. நான் சந்தோசமாக இருந்தேன்.

மாசி மாதம் ஒரு நாள் அலுவலக வரவேற்பில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. பாதை பற்றி ஒருவர் கேட்கிறார், விளங்கப்படுத்த உன்னால்தான் முடியும் என்றார்கள். போனேன். ஹெயிட்டியைச் சேர்ந்த ஒரு பெண், என் வயதிருக்கும், வலது கையில் முழங்கைவரை மாக்கட்டு. கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டு மற்றதைத் தோளில் தொங்கவிட்டிருந்தாள். தெருவின் பெயரைச் சொன்னாள். எனக்கு உடனே தெரிந்தது. முன்பு அந்தப் பாதையில் முதலாவதாக இருந்த தெரு. இப்போது கடைசி.

"நான் கோபப்பட வரவில்லை," என்றாள். "எட்டு வருஷமாக அங்கே இருக்கிறேன். ஆறரைக்கு வேலைக்கு இறங்கும்போது நடைபாதை எப்போதும் தள்ளியிருக்கும். இந்த வருஷம் தள்ளுவதில்லை. போன கிழமை பனிக்குக் கீழே ஐஸ் இருந்தது தெரியவில்லை. விழுந்துவிட்டேன். ஏன் மாறியது என்று தெரிந்தால் போதும்."

"பாதையின் ஒழுங்கு மாறிவிட்டது, மதாம்," என்றேன்.

"ஏன்?"

கணக்கு, தூரம், வலப்பக்கத் திருப்பம் என்று சொல்ல எனக்கு நிறைய இருந்தன. எல்லாம் பிரெஞ்சில் வாய்க்கு வரும் சொற்கள்தான். ஆனால் தொழில்நுட்பக் காரணம் என்றேன். அவள் தலையாட்டினாள். அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலையாம். வலது கை இல்லாமல் என்ன செய்வது என்று என்னைக் கேட்கவில்லை. மாக்கட்டைக் காட்டி, "இதோடு வாளி தூக்க முடியாது," என்று மட்டும் சொன்னாள். போகும்போது, "ஒரு கடதாசி போட்டிருந்தால் கவனமாக இறங்கியிருப்பேன்," என்றாள். கதவை இடது கையால் தள்ளத் தெரியாமல் தடுமாறினாள். நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். எனக்கு நன்றி சொன்னாள்.

பொறுப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இரண்டு பக்கமும் ஒரே தூரம். எப்படி ஓடினாலும் எனக்கு ஒன்றுதான்," என்றார். "நீ முடிவு செய்."

"நீங்கள் சொல்லுங்கள்."

"நான் சொன்னால் அது கட்டளை. உனக்கு லேசாக இருக்கும். ஆனால் நீ இரண்டு பேரையும் பார்த்துவிட்டாய். நான் பார்க்கவில்லை."

இரண்டு நாள் இரண்டு ஒழுங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மனைவியிடம் கேட்டேன். "கீழ இருக்கிற மனுசிக்கு உயிர்ப் பிரச்சினை. அதை விட்டிட்டு?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்த ஹெயிட்டிப் பொம்பிளைக்கும் கை முறிஞ்சுதானே," என்றாள்.

கடைசியில் நான் கண்டுபிடித்தது ஒரு கோழையின் தீர்வு. ஒரு பனிக்கு ஒரு பக்கமிருந்து, அடுத்த பனிக்கு மற்றப் பக்கமிருந்து என்று மாறி மாறி ஓடுவது. வண்டிக்காரருக்கு இரண்டு வழித்தாள்கள், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். எங்கள் தெரு கடைசியாக வரும் நாள் ஆஸ்பத்திரி நாளாக இருந்தால் நானும் கீழ் வீட்டுக்காரரும் விடிய நாலரைக்கே பனி அள்ளும் சவலோடு இறங்குவது. அவரிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக் கேட்டார். "பாவம். சரி அண்ணை, கிண்டுவம்," என்றார்.

இரண்டு பனி அப்படிப் போனது. மூன்றாவது, பங்குனி மாதத்தில், வியாழன் பின்னேரம் தொடங்கி வெள்ளி முழுவதும் நிற்காமல் கொட்டியது. அன்று எங்கள் தெரு முதலாவது. நீலத் தாள். அதனால் நாங்கள் சவல் எடுக்கவில்லை. அப்படிப் பெரும் பனி என்றால் நான் விடியவே அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு நடந்தே போனேன்.

ஏழே கால் மணிக்குக் கீழ் வீட்டுக்காரர் ரெலிபோன் எடுத்தார்.

"அண்ணை, வண்டி இன்னும் வரேல்லை."

"வந்திருக்க வேணுமே. பொறும், கேக்கிறன்."

வண்டிக்காரரோடு பேசும் வானொலிக் கருவியில் கூப்பிட்டேன். வழக்கமாக அந்தப் பாதையை ஓடுகிறவர் காய்ச்சல் என்று வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒப்பந்தக்காரர் வேறொருவரை அனுப்பியிருந்தார். அந்த மனிதர் வண்டியில் இரண்டு நிறத்தில் இரண்டு தாள் இருப்பதைப் பார்த்துக் குழம்பி, இரண்டிலும் நடுவில் வரும் தெருவில் இருந்து தொடங்கியிருந்தார். அவருடைய அறிவுக்கு அது நியாயம். எங்கள் தெருவும் ஹெயிட்டிப் பெண்ணின் தெருவும் இரண்டுமே கடைசி. இன்னும் இரண்டரை மணித்தியாலம் ஆகும் என்றார். வேறு வண்டி தேடினேன். ஒன்று ஆஸ்பத்திரித் தெருவில், அதை எடுக்க முடியாது. ஒன்றின் பனி தள்ளும் இரும்புத் தட்டு உடைந்து கராஜில். என் மேசையில் எல்லா வண்டியும் எங்கே என்று தெரிந்தது. ஒன்றையும் அசைக்க முடியவில்லை.

"அண்ணை, பஸ்காரர் இண்டைக்கு வரமாட்டமெண்டு சொல்லிப்போட்டினம். முனைக்கும் வராதாம். டாக்ஸி ஒண்டும் எடுக்குதில்லை."

"தம்பி, அரை மணித்தியாலம் பொறுங்கோ."

அரை மணித்தியாலத்தில் எதுவும் நடக்காது என்று தெரிந்துதான் சொன்னேன். எட்டு மணிக்கு மறுபடி எடுத்தார். எட்டே முக்காலுக்கு எடுத்தார். ஒன்பதரைக்குப் பிறகு எடுக்கவில்லை; வண்டி வந்தபோது அந்த மனுசியின் மெசின் நேரம் தவறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்று மெசினுக்கு வர முடியாதவர்கள் நிறையப் பேர். சனிக்கிழமைக்கு இடம் கேட்டார், இல்லை. திங்கள் வாருங்கள், தண்ணீர் குடிப்பதைக் குறையுங்கள் என்றார்களாம்.

ஞாயிறு காலை கீழே சத்தம் கேட்டு ஓடினோம். அந்த மனுசி கட்டிலில் படுக்க முடியாமல் எழும்பி இருந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கி, சொண்டு கறுத்துப் போயிருந்தது. நுரையீரலில் தண்ணீர். அம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வாசலுக்கே வந்தது. தெரு அப்போது சுத்தமாக, உப்புத் தூவி, கோடை மாதிரிக் கிடந்தது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தது. மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். அவர் அறைக்கு வெளியே கதிரையில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"நீங்கள் என்ன செய்வியள் அண்ணை. ஸ்நோ அப்பிடிக் கொட்டினது," என்றார்.

அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. இரண்டு தாளின் கதையைச் சொன்னேன். நான் பேசாமல் பழையபடி விட்டிருந்தால் நாங்கள் சவலோடு இறங்கியிருப்போம், அந்தப் பெண்ணும் விழுந்திருக்கமாட்டாள் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். நடைக்கூடத்தில் ஒரு தாதி தள்ளுவண்டியோடு போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ தேத்தண்ணி இருக்கு. குடிக்கிறியளோ?" என்றார்.

குடித்தோம்.

சித்திரையில் நான் இரண்டு தாளையும் எடுத்துவிட்டு, நான் வர முன்பு இருந்த ஒழுங்கையே திரும்பப் போட்டேன். பொறுப்பாளர் ஏன் என்று கேட்காமல் கையெழுத்து வைத்தார். கீழ் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவரே சொன்னார், தாங்கள் ஆடியில் மாறப் போகிறோம் என்று. சென்ட் லோரன்டில், பஸ் ஓடும் பெருந்தெருவில், நிலத்தட்டில் ஒரு வீடு. கோயிலுக்கு இரண்டு பஸ் எடுக்க வேண்டும். பழகியவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் இல்லை. "என்ன செய்யிறது அண்ணை, ரோட்டு எங்களிட்ட வராட்டி நாங்கள்தானே ரோட்டிட்டப் போகவேணும்," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பெட்டிகளை நானும் அவருமாகத்தான் தூக்கினோம்.

அடுத்த மார்கழியில் நானும் மனைவியும் அவர்களைப் பார்க்கப் போனோம். முதல் நாள்தான் பனி பெய்திருந்தது. அந்த மனுசி கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் நித்திரை இல்லை என்று குறைப்பட்டது. வண்டி விடிய வந்து தட்டை நிலத்தில் இழுக்கிற சத்தத்தில் வீடே அதிருமாம்.

"இஞ்சத்தைப் படமும் நீங்களோ கீறுறது?" என்று என்னைக் கேட்டது.

"இல்லைத் தங்கச்சி. இது வேற பகுதி. வேற ஆக்கள்."

"ஆ," என்றது. பிறகு என் மனைவியிடம் திரும்பி, மீன் எங்கே வாங்குகிறீர்கள், இங்கே நல்ல மீன் இல்லை என்று கதைக்கத் தொடங்கியது. அவர் குசினிக்குள் பலகாரம் எடுக்கப் போனார். நான் சாப்பிட்டேன், சிரித்தேன், அவருடைய தொழிற்சாலையைப் பற்றி விசாரித்தேன். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மனைவி என் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். பெருந்தெருவில் பஸ் நேரத்துக்கு வந்தது.